மழையில் வழிமாறும் மின்பொறி

மழை இரவில் திணறித் திணறி வீடு வந்து சேர்ந்த பைக்கை மறுநாள் காலை பட்டறைக்கு ஓட்டிப் போனால் பெரும்பாலும் நடப்பது இதுதான். "நேத்து மழையில பயங்கரமா மிஸ் அடிச்சுதுண்ணே, ஆக்சிலேட்டரைத் திருகினா அடைக்குது" என்பார் வண்டிக்காரர். மெக்கானிக் ஏறி உட்கார்ந்து தெருமுனை வரை ஒரு ரவுண்டு போய்த் திரும்பி, "நல்லாத்தானே சார் இருக்கு" என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. இரவில் வேலையைக் காட்டிய தண்ணீர் காலை வெயிலில் ஆவியாகிவிட்டது. திருட்டு நடந்திருக்கிறது, தடயம் காய்ந்துவிட்டது. மழைக்காலத்து மிஸ்ஸிங் மெக்கானிக்குகளை இவ்வளவு படுத்துவதற்குக் காரணமே இதுதான்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம், "என்ஜினுக்குள்ள தண்ணி இறங்கி நெருப்பை அணைச்சிடுச்சு" என்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓடும் என்ஜினுக்குள் எந்நேரமும் தண்ணீர் இருக்கிறது. அதைத் தயாரிப்பதே என்ஜின்தான். பெட்ரோல் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்தது. எடையில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு ஹைட்ரஜன். அது எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடித் தன்னைப்போல் ஒன்பது மடங்கு எடையுள்ள நீராகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட 1 லிட்டர் தண்ணீர் கிடைக்கும். குளிர்ந்த காலையில் சைலன்சர் நுனியிலிருந்து சொட்டுவது பெரும்பாலும் இந்தத் தண்ணீர்தான்.

மழைநாளின் ஈரக்காற்றையும் குற்றம் சொல்ல முடியாது. 30 டிகிரி வெப்பத்தில் காற்று முழுக்க ஈரம் ஏறி நின்றாலும் ஒரு கன மீட்டரில் சுமார் 30 கிராம் நீராவிதான். கன அளவில் நூற்றுக்கு நான்கு பங்கு. அதனால் இழுவை ஒரு நூலளவு குறையலாம், மிஸ் அடிக்காது. இரண்டாம் உலகப் போரில் சண்டை விமானங்களின் என்ஜின்களுக்குள் தண்ணீரையும் ஆல்கஹாலையும் கலந்து வேண்டுமென்றே பீய்ச்சினார்கள். உள்சூட்டைக் குறைத்து, என்ஜின் தட்டாமல் கூடுதல் சக்தி எடுப்பதற்கான உத்தி அது. நெருப்புக்கு நடுவே நீரைத் தெளித்துக்கொண்டே அவை வானில் பறந்தன.

ஆக, மழை நெருப்பை அணைப்பதில்லை. நெருப்பை மூட்டப் புறப்பட்ட மின்சாரத்தை, அது போய்ச் சேருவதற்கு முன்பே வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது.

அந்த மின்சாரம் பயணம் செய்யும் விதத்தைப் பார்த்தால்தான் இது விளங்கும். பேட்டரியில் இருப்பது 12 வோல்ட். விரலால் தொட்டாலும் ஒன்றும் ஆகாது. சிடிஐ என்ற சின்னப் பெட்டி உள்ள வண்டிகளில் அந்தப் பெட்டிக்குள் ஒரு மின்தேக்கி இருக்கிறது. அது சில நூறு வோல்ட் அளவுக்கு நிரம்பி, சரியான கணத்தில் மொத்தத்தையும் இக்னிஷன் காயிலுக்குள் ஒரே மூச்சில் கொட்டும். காயிலுக்குள் இரண்டு சுற்றுக் கம்பிகள்: தடித்த கம்பியில் குறைந்த சுற்றுகள், தலைமுடி போன்ற மெல்லிய கம்பியில் ஆயிரக்கணக்கான சுற்றுகள். முதல் கம்பியில் பாய்வது இரண்டாவதில் பல மடங்கு பெருகி, 20,000 வோல்ட்டைத் தொடக்கூடிய துடிப்பாக எழும்புகிறது. அயர்லாந்தின் மேனூத் கல்லூரியில் பேராசிரியராக இருந்த நிக்கோலஸ் காலன் என்ற பாதிரியார் 1836இல் உருவாக்கிய தூண்டல் சுருளின் தத்துவம்தான் இது. மோட்டார் வண்டி என்பதே பிறக்காத காலத்தில் ஒரு பாதிரியார் செய்து பார்த்த கருவி இன்று ஒவ்வொரு பைக்கின் டேங்க் அடியிலும் ஒளிந்திருக்கிறது.

காயிலிலிருந்து கிளம்பும் துடிப்பு தடித்த ரப்பர் வயர் வழியாக பிளக் கேப்புக்கும், அங்கிருந்து பிளக்கின் நடுக்கம்பிக்கும் வந்து, நுனியிலுள்ள இடைவெளியைத் தாண்ட வேண்டும். இடைவெளி பெரும்பாலும் 0.7 அல்லது 0.8 மில்லிமீட்டர். நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் நிமிடத்துக்கு 6,000 சுற்று ஓடும்போது வினாடிக்கு 50 முறை இந்தத் தாவல் தவறாமல் நடந்தாக வேண்டும். அந்த ஐம்பதில் நாலைந்து தவறினால் அதைத்தான் நாம் மிஸ் அடிக்கிறது என்கிறோம்.

இவ்வளவு சிறிய இடைவெளிக்கு எதற்கு இவ்வளவு வோல்ட்? திறந்த வெளிக் காற்றில் 1 மில்லிமீட்டரைத் தாண்ட ஏறக்குறைய 3,000 வோல்ட் போதும். ஆனால் பிளக்கின் நுனி இருப்பது வெளிக்காற்றில் அல்ல. பிஸ்டன் அழுத்திப் பிடித்திருக்கும் கலவைக்குள். ஒரு வாயுவில் பொறி பறக்கத் தேவையான வோல்ட்டேஜ், அதன் அழுத்தத்தையும் இடைவெளியையும் பெருக்கி வரும் தொகையைப் பொறுத்தது என்று 1889இல் கண்டு சொன்னார் ஜெர்மானிய இயற்பியலாளர் ஃபிரீட்ரிக் பாஷன். காற்று நெருக்கமாக நெருக்கமாக, மின்சாரம் அதைத் துளைத்துப் போவது கடினமாகிறது. வெளியே 3,000 வோல்ட்டில் தாண்டும் அதே பிளக், ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகும்போது உள்ளே 10,000 வோல்ட்டுக்கு மேல் கேட்கும்.

பட்டறையில் நாம் காணும் பல புதிர்கள் இந்த ஒரே விதியில் அவிழ்கின்றன. ஐடிலிங்கில் வண்டி சீராக நிற்கும். மேம்பாலம் ஏறும்போது மட்டும் குலுக்கும். ஐடிலிங்கில் த்ராட்டில் மூடியிருப்பதால் உள்ளே போகும் காற்று குறைவு, அழுத்தமும் குறைவு, கேட்கும் வோல்ட்டும் குறைவு. மேடேறும்போது எல்லாம் கூடிவிடுகிறது. பிளக்கைக் கழற்றி என்ஜினின் மேல் வைத்துக் கிக்கரை உதைத்து, "கரண்ட் வருது, பிளக் ஓகே" என்று தீர்ப்பு எழுதுவதும் இதனால்தான் பாதி உண்மை. வெளியே பறக்கும் பொறி, உள்ளேயும் பறக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சில ஜப்பானிய நிறுவனங்களின் சர்வீஸ் கையேடுகள் அதனால்தான் காயிலைச் சோதிக்கும்போது, திறந்த காற்றில் குறைந்தது 6 மில்லிமீட்டர் இடைவெளியைப் பொறி தாண்ட வேண்டும் என்று கேட்கின்றன.

இப்போது மழைக்கு வருவோம். மின்சாரத்துக்கு பிளக்கின் நுனிதான் வேண்டும் என்ற பிடிவாதம் கிடையாது. என்ஜினின் இரும்பையும் அலுமினியத்தையும் அடைய எளிய வழி எதுவோ அதில் போகும். பிளக்கின் வெளிப்பக்கம் ஒரு வெள்ளைப் பீங்கான் கழுத்து இருக்கிறதே, அதன் உச்சியில் 10,000 வோல்ட். அடியில், இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி, அறுகோண இரும்பு. இரண்டுக்கும் நடுவே இருப்பது அலுமினாப் பீங்கானின் வழவழப்பான மேற்பரப்பு மட்டும். அது உலர்ந்து சுத்தமாக இருக்கும்வரை கவலையில்லை. அதன்மேல் ஈரப்படலம் ஒன்று ஒட்டிக்கொண்டால் உச்சிக்கும் அடிக்கும் பாலம் போட்டதாகிவிடும்.

அதிலும் ஒரு நுணுக்கம். தூய தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துவதில் மகா சோம்பேறி. ஆய்வகத்தில் வடித்தெடுத்த நீரில் கரண்ட் ஏறக்குறைய நகர்வதே இல்லை. கடத்துவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பும் அழுக்கும்தான். முன்சக்கரம் வாரி இறைக்கும் ரோட்டுத் தண்ணீரில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. கோடை முழுக்கப் பீங்கானின்மேல் படிந்த புழுதி, ஆயில் பிசுக்கு, கடற்கரை ஊர்களில் காற்றோடு வரும் உப்பு, இத்தனையும் முதல் தூறலில் ஊறிக் குழம்பாகும். சீசனின் முதல் தூறலில் திணறிய வண்டி, பிறகு வந்த கனமழையில் ஒழுங்காக ஓடுவது உண்டு. அழுக்கு கழுவிப் போய்விட்டதே காரணம். மின்வாரிய ஊழியர்களுக்கு இது பழைய செய்தி. கம்பத்துப் பீங்கான்கள் கொட்டும் மழையைவிட மூடுபனியிலும் தூறலிலும்தான் அதிகம் தொல்லை கொடுக்கும்.

இரண்டு பீங்கான்களுக்கும் உறவு நெருக்கமானது. உயர்மின் கம்பிகளில் தொங்கும் பீங்கான் தட்டுகளின் மடிப்பும், பிளக்கின் கழுத்தில் இருக்கும் நாலைந்து வளையங்களும் ஒரே நோக்கத்துக்காகச் செய்யப்பட்டவை. மேற்பரப்பில் மின்சாரம் ஊர்ந்து போக வேண்டிய தூரத்தை அவை கூட்டுகின்றன. நம் ஊர் உதிரிபாகக் கடைகளில் எங்கும் கிடைக்கும் என்ஜிகே பிளக்கைச் செய்த நிறுவனமே, மின்கம்பப் பீங்கான் செய்துவந்த ஜப்பானிய நிறுவனத்திலிருந்து 1936இல் தனியாகப் பிரிந்து வந்ததுதான். பிளக்கைத் துடைக்கும்போது பலரும் நுனியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டுக் கழுத்தை அப்படியே விட்டுவிடுகிறார்கள். மழைக்காலத்தில் துடைக்க வேண்டியது கழுத்தை.

பீங்கானைவிட மோசமான இடம் அதன்மேல் உட்கார்ந்திருக்கும் பிளக் கேப். என்ஜின் சூட்டில் வருடக்கணக்கில் வெந்து அதன் ரப்பர் உதடு இறுகி, வெடித்து, வாய் பிளந்திருக்கும். கேப்பைக் கழற்றி டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். கோளாறான கேப்பில் மூன்று விஷயங்கள் தெரியும். வயர் வந்து சேரும் இடத்தில் செம்புக் கம்பி பச்சைப் பூஞ்சை பிடித்ததுபோல் களிம்பேறியிருக்கும். உள்சுவரில் வெள்ளையாகத் தண்ணீர்க் கறை. மூன்றாவதைப் பார்க்கக் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்க வேண்டும்: சுவர் ஓரமாகப் பென்சிலால் இழுத்ததுபோல் ஒரு மெல்லிய சாம்பல் கோடு. ஈரம் இருந்தபோது மின்பொறி அந்த வழியாகத் தாவியிருக்கிறது. தாவிய இடத்து பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் பொசுக்கிக் கரியாக்கியிருக்கிறது. கரி மின்சாரத்தைக் கடத்தும். அடுத்த முறை ஈரம் கொஞ்சமாக இருந்தாலே போதும். அதற்கடுத்து, ஈரமே தேவையில்லை. மழையில் மட்டும் அடித்த மிஸ் கோடையிலும் தொடர்வதற்கு வழி இப்படித்தான் போடப்படுகிறது. அந்தக் கோடு விழுந்த கேப்பைத் துடைத்துப் பயனில்லை. மாற்றுவதுதான் வைத்தியம், விலையும் பெரிதில்லை.

மல்டிமீட்டர் இங்கே உதவாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். கேப்புக்குள் பெரும்பாலும் 5,000 ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டர் இருக்கும், ரேடியோவில் கரகரப்பு வராமல் தடுக்க. மீட்டர் வைத்தால் 5,000 காட்டும், எல்லாம் சரி என்று சான்றிதழும் தந்துவிடும். ஆனால் மீட்டர் சோதிப்பது அதன் சின்ன பேட்டரியின் சில வோல்ட்டைக் கொண்டு. 10,000 வோல்ட்டுக்கு மட்டுமே திறக்கும் விரிசல் அதன் கண்ணில் படாது.

அதைக் கண்டுபிடிக்கக் கண்ணும் இருட்டும் போதும், கூடவே செடிக்குத் தெளிக்கும் ஸ்பிரே பாட்டில் ஒன்று. கதவைத் திறந்துவைத்த ஷெட்டில், இரவில், வண்டியை ஐடிலிங்கில் விட்டு விளக்கை அணைக்கவும். பெட்ரோல் கசிவு எங்கும் இல்லை என்று முதலில் உறுதி செய்துகொள்வது கட்டாயம். இருட்டுக்குக் கண் பழகியதும் பிளக் கேப், வயர், காயில் என்று ஒவ்வொரு இடமாகச் சன்னமாகத் தண்ணீர் தெளித்துக் காத்திருக்க வேண்டும். நல்ல வண்டியில் ஒன்றுமே நடக்காது. பழுதான வண்டியில் கேப்பின் உதட்டோரம் ஊதா நிறத்தில் முடி போன்ற கோடுகள் துடிக்கத் தொடங்கும். ஆக்சிலேட்டரைச் சட்டென்று திருகினால் அவை ஒன்று சேர்ந்து என்ஜின் துடுப்புகளை நோக்கி 'டிக்' என்று பாயும். அதே கணத்தில் சைலன்சர் சத்தம் ஒரு துடிப்பை விழுங்கும். கண்ணால் பார்ப்பதும் காதால் கேட்பதும் அச்சுப் பிசகாமல் ஒத்துப்போகும் அந்த இடத்தில் வாதத்துக்கே இடமில்லை. கையால் மட்டும் தொட்டுப் பார்க்க வேண்டாம். அந்த அடி ஆளைத் தூக்கிப் போடும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் பக்கத்திலேயே வரக்கூடாது.

இரண்டு பிளக் உள்ள சிங்கிள் சிலிண்டர் வண்டிகள் இந்த நோயை மறைத்துவிடும். 2003இல் வந்த பல்சர் டிடிஎஸ்-ஐ போன்றவற்றில் ஒரு பிளக் செத்தாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். வண்டி ஓடும், இழுவை மட்டும் குறையும். இரண்டு சிலிண்டர் வண்டிகளில் கண்டுபிடிப்பது சுலபம். ஸ்டார்ட் செய்த சில வினாடிகளில் இரண்டு சைலன்சர் குழாய்களின்மேலும் சொட்டுத் தண்ணீர் விட்டால், எரியும் சிலிண்டரின் குழாய் 'ஸ்ஸ்' என்று உறிஞ்சும். மற்றது நனைந்துகொண்டு சும்மா இருக்கும்.

குற்றவாளி எப்போதும் கரண்ட் பக்கமே இருப்பான் என்றில்லை. மழை நின்று, வண்டி நன்றாகக் காய்ந்த பிறகும் திணறல் தொடர்ந்தால் என் சந்தேகம் டேங்க் பக்கம் போகும். டேங்க் மூடியைச் சுற்றி ஒரு பள்ளமும், அதில் விழும் மழைநீர் வடிய ஒரு சிறு துளையும் பல வண்டிகளில் உண்டு. அந்தத் துளையைப் புழுதி அடைத்தால் தண்ணீர் தேங்கி, மூடியின் காற்றுத்துளை வழியே டேங்குக்குள் இறங்கும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது என்பதால் அடியில் போய்ப் படுக்கும். பெட்ரோல் எடுக்கும் குழாயும் அடியில்தான் இருக்கிறது. கார்புரேட்டரில் இறங்கிய துளிகள் கிண்ணத்தின் அடியில் மெயின் ஜெட்டைச் சூழ்ந்துகொள்ளும். வண்டி மெதுவாக ஓடும், வேகம் எடுக்கப் போனால் இருமும். பெட்ரோல் சிரமமில்லாமல் நுழையும் ஊசித்துளையில், பரப்பு இழுவிசை அதிகமுள்ள தண்ணீர்த்துளி உருண்டையாக அடைத்துக்கொண்டு நிற்கும். கிண்ணத்தின் வடிகால் திருகைத் திறந்து, வருவதைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துச் சற்று நேரம் வைத்தால் போதும். அடியில் தனி அடுக்கு பிரிந்து நின்றால் வழக்கு முடிந்தது.

இப்போது பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இதில் ஒரு புதுத் திருப்பத்தைக் கொண்டுவந்திருக்கிறது. எத்தனாலுக்குத் தண்ணீரைப் பிடிக்கும். சிறிதளவு நீரைத் தனக்குள் கரைத்துச் சத்தமில்லாமல் எரித்தும் விடும், ஒருவகையில் நன்மை. ஆனால் லிட்டருக்குச் சில மில்லிலிட்டர் என்ற வரம்பைத் தாண்டினால், தண்ணீர் எத்தனாலையும் கூட்டிக்கொண்டு மொத்தமாக அடியில் பிரிந்து இறங்கிவிடும். அப்போது டேங்கின் அடியில் இருப்பது எரிய மறுக்கும் கலவை. வடித்துக் கொட்டுவதைத் தவிர வழியில்லை.

ஏர் ஃபில்டர் நனைந்தால் மிஸ் என்பதைவிட மூச்சுத்திணறல்தான் அதிகம்: கரும்புகை, இழுவைக் குறைவு, கரி படிந்த பிளக். ஹேண்டில்பாரில் உள்ள கில் சுவிட்ச் நனைந்தால் வேறு மாதிரி. வண்டி திணறாது, விளக்கை அணைத்ததுபோல் பட்டென்று செத்து, பட்டென்று உயிர் வரும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்தபின் விற்கும் வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் இல்லை. பெட்ரோலை அளந்து பீய்ச்சும் கம்ப்யூட்டர் சென்சார்களின் வெறும் 5 வோல்ட் சமிக்ஞையை நம்பியிருக்கிறது. கனெக்டர் பின்னில் களிம்பேறினால் அந்தச் சமிக்ஞை பொய் சொல்லும். இத்தனை வந்தும் பிளக்கும் கேப்பும் மாறவில்லை, அவற்றின் மழைக்கால நோயும் மாறவில்லை. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டியை மிஸ்ஸோடு நெடுந்தூரம் ஓட்டுவது முன்னைவிட ஆபத்து. எரியாத பெட்ரோல் அதற்குள் போய் எரிந்து அதையே உருக்கிவிடும்.

இதையெல்லாம் வைத்துச் சொன்னால், மழையைவிட என்ஜினுக்குப் பெரிய எதிரி வாட்டர் வாஷ் கடையின் பம்ப். மழை மேலிருந்து விழுகிறது. அந்தப் பீச்சோ ரப்பர் உதட்டைத் தூக்கிவிட்டுப் பக்கவாட்டில் நுழைகிறது. பிளக் பக்கம் அடிக்காதே என்று சொல்லிவிட்டு நிற்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கேப்பின் உதட்டில் துளி சிலிகான் கிரீஸ் தடவுவதும், வயரின் களிம்பேறிய நுனியை அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டுத் திரும்பத் திருகுவதும் ஐந்து நிமிட வேலை. அவசரத்துக்கு டபிள்யூடி-40 அடிக்கலாம். 1953இல் அட்லஸ் ஏவுகணையின் உடம்பில் ஈரம் ஒட்டாமல் காக்கச் செய்த திரவம் அது. நடுரோட்டில் நின்ற வண்டியை வீடு சேர்க்கும், வெடித்த ரப்பரை ஒட்டவைக்காது.

கடைசியாக ஒன்று. இதுவரை சொன்னதெல்லாம் நனைந்த வண்டிக்கு. மூழ்கிய வண்டிக்கு அல்ல. சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறங்கி ஏர் ஃபில்டர் வழியாக என்ஜின் நீரைக் குடித்து நின்றுவிட்டால் அது மிஸ் அடிப்பதும் இல்லை, காயவைத்தால் சரியாவதும் இல்லை. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. 100 சிசி என்ஜினில் அழுத்த விகிதம் 10:1 என்றால், பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் வெறும் 11 மில்லிலிட்டர். அதற்குமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே இருந்தாலும் பிஸ்டன் உச்சிக்குப் போகாது. அந்த நேரத்தில் செல்ஃப் பட்டனை விடாமல் அழுத்தினாலோ, கியரில் போட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்தாலோ கனெக்டிங் ராடு வளையும். தண்ணீரில் நின்ற வண்டியைத் தயவுசெய்து நியூட்ரலில் போட்டு மேட்டுக்குத் தள்ளுங்கள். பிளக்கைக் கழற்றிய பிறகு மட்டும் கிக்கரை மெதுவாக உதைத்து நீரை வெளியேற்றுங்கள். ஆயில் வெளுத்துக் குழம்பியிருந்தால் அதை மாற்றாமல் சாவியைத் தொடாதீர்கள்.